கள்ளியுங் களவும்

கள்ளி என்னுஞ் செடிக்கு நம்மவரிடையே என்றும் பெருமதிப்பு இருந்ததில்லை. பாலைத்திணைப் பாட்டுக்களில் அது வெம்மைக்குச் சான்றாக நிற்கும். புறப்பாட்டுக்களிலோ சுடுகாட்டின் எல்லையில் நிற்கும். நாட்டுப்புறத்தில் புன்செய்க்கு வேலியாக நட்டதன்றி அதனை வேறொரு நன்மைக்குரியதாக எண்ணினார் சிலரே. ஆதலின், களவு போகத்தக்க பொருள்கள் யாவையென ஒருவரை வினவினால், பொன்னென்றும் பசுவென்றும் நெல்லென்றும் கூறுவாரேயன்றிக் கள்ளியென்று கூறுவாரிலர். ஆயினும், இந்நாளில் கள்ளியினத்தைச் சார்ந்தனவும் அதனையொத்தனவுமாகிய சிறு செடிகள் பாறையினின்றும் பறிக்கப்பெற்று, தாளிற் சுற்றப்பட்டு, பொய்ப்பெயர் எழுதிய பெட்டிகளிற் கடல்கடந்து செல்கின்றன. அவற்றின் பொருட்டு மக்கள் சிறையும் புகுகின்றனர். இஃது எவ்வாறு நேர்ந்தது என்பதையும், நம் கல்லூரிக்குத் தெற்கே சில கல் தொலைவிலுள்ள பொத்தேரிக்கும் இதற்கும் யாது தொடர்பு என்பதையும், யாம் கண்டும் கற்றும் அறிந்த அளவில் ஈண்டுக் கூற விரும்புகின்றோம்.

தாவர நூலார் சதைப்பற்றுச் செடிகள் என்று வழங்குந் தொகுதி ஒரே குடும்பத்ததன்று. சதுரக்கள்ளி ஆமணக்குக்கு உறவு. பிரண்டை திராட்சைக்கு உறவு. கள்ளிமுளையானும் கொடிக்கள்ளியும் எருக்குக்கு உறவு. சப்பாத்திக்கள்ளியோ அமெரிக்காவிலிருந்து வந்த விருந்து. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையிலிருந்த மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன், சிவப்புச் சாயந்தரும் பூச்சியை வளர்த்தற்பொருட்டு இவ்வினத்துக்குச் சைதாப்பேட்டையில் ஒரு தோட்டமே அமைத்தார். வந்த விருந்து வீட்டைப் பிடித்துக்கொண்டதும், முடிவில் 1926-இல் இலங்கையிலிருந்து கொணர்ந்த மற்றொரு பூச்சியால் அதன் கொட்டம் அடங்கியதும் தனிக்கட்டுரைக்குரிய கதை. யாம் இங்குப் பேசக் கருதியது வந்தேறிய கள்ளியைப் பற்றியன்று. இம்மண்ணிலேயே பிறந்து, இம்மண்ணை விட்டால் வேறு புகலற்றுப்போகும் எளிய செடிகளைப் பற்றியே.

தாம்பரத்தில் செங்கற்பட்டு வண்டியேறினால் பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி என்னும் நிலையங்களைக் கடந்து பொத்தேரி வரும். இன்று அவ்வூரின் பெயரைக் கேட்டோர்க்கு நினைவு வருவது பல்கலைக்கழகமும் அதனைச் சூழ்ந்த விடுதிகளும் உணவுச்சாலைகளுமே. காலைவேளையில் அந்நிலையத்தில் இறங்கும் மாணவர் கூட்டத்தைக் கண்டவர், அக்கூட்டத்துக்கு அப்பால் ஏரியும் கரடுமாகிய வேறொரு பொத்தேரி உண்டென்று நம்புதல் அரிது. அக்கரட்டுப்பக்கத்தில் காரையும் களாவும் சூரையும் கிளுவையும் பின்னிக்கிடக்கும். அவற்றின் அடியில், பாறைவெடிப்பில் மண் ஒரு சாண்கூட இல்லாத இடத்தில், கள்ளிமுளையானை யாம் முதன்முதற் கண்டோம். இலையென்று சொல்லத்தக்கது அதற்கில்லை. நாற்கோணமாய், அடியில் விரற்பருமனும் நுனியில் ஈர்க்கின் மெலிவுமாய்க் கிளைகள் நிற்கும். ஐப்பசி மழைக்குப்பின் நுனியையடுத்துச் சிறு பூக்கள் தோன்றும். கருஞ்சிவப்பு நிறத்தில் மஞ்சள் வரியோடிய அப்பூக்களைக் காணவேண்டுமாயின் முழந்தாளிட்டே காணவேண்டும். வண்டு வாராது, ஈயே வரும். காய்கள் மான்குட்டியின் கொம்புபோல் இணையிணையாய் நிமிர்ந்து, காய்ந்து வெடித்து, பட்டிழை கட்டிய விதைகளைக் காற்றில் விடுக்கும்.

இச்செடிக்கு ஒரு பழைய வரலாறுண்டு. வில்லியம் ராக்ஸ்பரோ 1795-இல் வெளியான தமது சோழமண்டலக் கரைத் தாவரங்கள் என்னும் நூலில் இதனைப் படத்துடன் விளக்கினார். அதற்குத் தெலுங்கர் வழங்கிய பெயரையும் குறித்துவைத்தார். பின் 1810-இல் ராபர்ட் ப்ரௌன் என்பார் இவ்வினத்துக்குத் தனிப்பெயரிட முற்பட்டபோது அத்தெலுங்குப் பெயரினின்றே கரல்லூமா என்னுஞ் சொல்லை அமைத்தார். ஆப்பிரிக்காவிலும் அரபியாவிலும் உள்ள பல செடிகள் இன்றும் அப்பெயரைத் தாங்குகின்றன. ஆட்டிடையரின் வாய்ச்சொல் இலத்தீனின் உடையுடுத்து உலகைச் சுற்றிவந்தது எம்போன்ற தமிழ் மாணவர்க்கு ஒரு மகிழ்ச்சியே. தெலுங்கர் முந்திக்கொண்டாரே என்னுஞ் சிறு பொறாமையும் உடன் உண்டு.

இடையர் இதனை உண்பர். யாமும் உண்டோம். கிளையை முறித்து விளிம்பைச் சீவி மென்றால் புளிப்பும் சிறிது உவர்ப்பும் கலந்திருக்கும். அதன்பின் ஒரு கைப்பு நாவில் நெடுநேரம் தங்கும். பஞ்சகாலத்தில் பசியை மறக்கச்செய்தது இதுவென்பர். ஆயின் காலையில் மெல்லுவதற்கும் மாலையில் மெல்லுவதற்குஞ் சுவை வேறுபடும். இவ்வேறுபாட்டை முதன்முதல் நுணுகி எழுதியவருள் ஒருவர் நம் நாட்டில் ஊழியஞ்செய்ய வந்த ஒரு மிஷனரி என்பது நம் கல்லூரியிற் பலர் அறியாத செய்தி. பெஞ்சமின் ஹைனே என்பார் மொரேவியச் சபையைச் சார்ந்து தரங்கம்பாடிக்கு வந்தவர். பின்னர்க் கும்பினியாரிடம் தாவர ஆராய்ச்சியாளராக அமர்ந்து 1819-இல் சென்னையில் காலஞ்சென்றார். அவர் ரணகள்ளியின் இலையைக் காலையில் மென்று பார்த்தார், புளியாரைபோற் புளித்தது. நண்பகலில் மென்றார், சுவையே இல்லை. அந்தியில் மென்றார், சிறிது கைத்தது. இதனை 1813-இல் இலண்டனுக்குக் கடிதமாக எழுதினார். 1815-இல் லின்னேயஸ் கழகத்தார் அதனை அச்சிட்டனர்.

அப்புளிப்பின் காரணம் பிற்காலத்து அறிஞரால் விளங்கிற்று. மற்றைச் செடிகள் பகலில் தம் இலைத்துளைகளைத் திறந்து கரியமிலவாயுவை உட்கொள்வன. வறண்ட நிலத்துச் செடி அவ்வாறு செய்யின் உள்ளிருக்கும் நீரெல்லாம் ஆவியாகிப் போம். ஆதலின் அது பகல் முழுதும் வாயை மூடிக்கொண்டு, இரவின் குளிர்ச்சியில் மட்டுந் திறந்து, உட்கொண்ட வாயுவைப் புளிப்பமிலமாக்கிச் சேமித்துவைத்து, மறுநாள் வெயிலில் அதனைக்கொண்டு உணவு சமைக்கும். சிக்கனம் மிக்க குடித்தனம், வரவோ சிறிது. இதனாலேயே இத்தகைய செடிகளுட் பல மிக மெல்ல வளர்கின்றன. ஒரு கைப்பிடியில் பிடுங்கத்தக்க அளவினதாகிய செடிக்கு வயது எம்மினும் மிகுதியாயிருத்தல் கூடும். களவின் கொடுமையை உணர்தற்கு முதற்கண் இதனை உணரவேண்டும். நெல்லைத் திருடியவன் ஒரு பருவத்து உழைப்பைத் திருடுகிறான். இதனைத் திருடியவன் ஓர் ஆயுட்காலத்தையே கைப்பையிலிட்டுச் செல்கிறான்.

உலகில் இக்களவு மிகக் கொடிதாய் நிகழ்வது தென்னாப்பிரிக்காவின் வடமேற்குப் பகுதியில். நமக்வாலாந்து, ரிக்டர்ஸ்வெல்ட் என்னும் அவ்வறண்ட நாட்டில், கூழாங்கற்களுக்கிடையே கூழாங்கல்லாகவே தோன்றும் கோனோஃபைட்டம் என்னுஞ் செடிகள் உண்டு. பொத்தானளவே உள்ளவை, இரண்டு சதையிலைகள் ஒன்றாய் ஒட்டி நடுவில் ஒரு பிளவு, அவ்வளவே. அவற்றுட் சில ஒரே குன்றின் ஒரே சரிவிலன்றி உலகில் வேறெங்கும் இல்லை. கிழக்காசியாவிலும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இவற்றைத் தொட்டியில் வைத்து அழகு பார்க்கும் ஆசை பரவவே, திருடர் வந்தனர். 2020-இல் கொள்ளைநோயால் நாடுகளின் எல்லைகள் அடைபட்டபோது களவு குறைந்திருக்கவேண்டும் அன்றோ? குறையவில்லை, பெருகிற்று. வெளிநாட்டார் தாம் வர இயலாமையால், இணையத்தின் வழியே உள்ளூர் ஏழைகளை அமர்த்திக்கொண்டனர். வேலையிழந்திருந்தவர்க்குச் செடிக்கு இவ்வளவு என்று சிறுகூலி. கடலுக்கப்பால் அதே செடிக்குப் பன்மடங்கு விலை. 2019 முதல் 2024 வரை அந்நாட்டில் அதிகாரிகள் கைப்பற்றியவை மட்டும் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டன. ஏறத்தாழ 650 வகையின. அகப்பட்டதே இவ்வளவாயின் அகப்படாதது எவ்வளவென்று வாசகரே கணித்துக்கொள்க. கைப்பற்றியவற்றை மீண்டும் நட்டால் தீராதோ எனின், எந்தச் சரிவிலிருந்து வந்ததென்று திருடனன்றி வேறொருவர் அறியார். வேரறுந்து நாட்பட்டவை பிழைப்பதும் அரிது.

கலிபோர்னியாவின் கடற்பாறைகளிலும் 2017, 2018-ஆம் ஆண்டுகளில் இதுவே நிகழ்ந்தது. டட்லியா என்னும் வெண்சாம்பற் பூச்சுடைய ரோஜாவடிவச் செடிகள் ஆயிரக்கணக்கில் பெயர்க்கப்பட்டுக் கொரியாவுக்கும் சீனத்துக்கும் சென்றன. இது வெளிப்பட்ட வகை விநோதமானது. ஒரு சிற்றூர்த் தபாலகத்தில் வரிசையில் நின்ற அம்மையார் ஒருவர், முன்னிற்பவர் அனுப்பும் பெட்டிகளினின்று மண் உதிர்வதைக் கண்டு ஐயுற்று அதிகாரிகளுக்குச் சொன்னார். அங்கிருந்தே நூல் பிடித்தனர். 2021-இல் அம்மாகாணத்தார் இச்செடிகளின் பொருட்டே ஒரு தனிச்சட்டம் இயற்றினர். சிலி நாட்டு அட்டகாமாப் பாலைவனத்தில் கடற்பனியைக் குடித்து வாழுங் கள்ளிகள் ஆயிரத்துக்கு மேல் 2020-இல் இத்தாலியில் ஒரு வீட்டில் அகப்பட்டன. அவற்றுள் எண்ணூற்றுக்கு மேற்பட்டவை மறு ஆண்டில் தாய்நாட்டுக்குத் திருப்பியனுப்பப்பட்டன. நூறாண்டு கடந்தவையும் அவற்றுள் இருந்தன என்பர். உலகிலுள்ள கள்ளிக் குடும்பத்து வகைகளை ஆராய்ந்தோர் நூற்றுக்கு 31 வகை அழிவின் விளிம்பில் உள்ளன என்று 2015-இல் அறிவித்தனர். புலியும் யானையும் அழிவதைக் கேட்டு இரங்கும் உலகம் இதனைக் கேட்டு இரங்கிற்றா என்பது வேறு.

நம் நாட்டுக்கு வருவோம். மராட்டிய நாட்டில், சிவாஜி பிறந்த சிவ்நேரிக் கோட்டையின் செங்குத்துப் பாறையில், ஃப்ரெரியா என்னும் ஒரு செடியுண்டு. கள்ளிமுளையானுக்கு இது நெருங்கிய உறவு. ஆயினும் மழைக்காலத்தில் இலைவிடும் இயல்புடையது. 1860-களில் டால்ஸெல் என்பார் அந்நாளைய பம்பாய்க் கவர்னர் ஃப்ரியரின் பெயரை இதற்கு இட்டார். கவர்னரின் பெயர் தாங்கியும் காவல் கிட்டவில்லை. ஆடு எட்டாத இடத்துக்குச் சேகரிப்பாளர் கயிறு கட்டி எட்டினர். உலகில் மிகவும் இடுக்கட்பட்ட செடிகளின் பட்டியலில் இது பலகாலம் இருந்தது. பின்னர் நம் நாட்டு அறிஞர் கிளைத்துண்டுகளைக்கொண்டும் திசுவளர்ப்பினாலும் இதனைப் பெருக்கி மீண்டும் பாறைகளில் நட்டனர். இதனையும், விளக்குக்கூண்டு போன்ற பூவுடைய செரோபீஜியா இனத்தையும், காட்டிலிருந்து எடுத்து வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்யலாகாதென்று நம் அரசாங்கத்தார் தடுத்துள்ளனர். காப்புக்காடுகளிலோ 1882-ஆம் ஆண்டின் வனச்சட்டப்படி அனுமதியின்றி ஒரு பொருளையும் எடுத்தல் குற்றம்.

ஆயின் யாம் கூறிய கரடு காப்புக்காடன்று. கள்ளிமுளையானும் எந்தச் செல்வந்தரின் கண்ணாடி வீட்டுக்கும் வேண்டப்பட்டதன்று. அதற்கு வந்த இடர் வேறு வழியது. பசியடக்கும் அதன் குணம் மேனாட்டார் செவிக்கு எட்டிற்று. 2007-இல் பெங்களூர் ஆராய்ச்சியாளர் 50 பேருள் ஒரு சாரார்க்கு இதன் சாரத்தை 60 நாள் கொடுத்துப் பார்த்து, பசியும் இடைச்சுற்றளவும் ஒருவாறு குறைந்தன என்று வெளியிட்டனர். உடல் எடையில் மற்றவரினின்று உறுதியான வேறுபாடு காணப்படவில்லை என்பதையும் அவர்களே எழுதினர். முற்கூற்றையே வாணிகர் எடுத்துக்கொண்டனர். பிற்கூற்று மாத்திரைப் புட்டியின் மேல் ஏறவில்லை. உண்ண ஒன்றுமில்லாத இடையனைப் பஞ்சத்தில் தாங்கிய செடி, உண்டு மிகுந்தவரின் தொந்தியைக் கரைக்க மூட்டையிற் செல்கிறது. பயிரிட்டும் இதனைப் பெறலாம். ஆயினும் கரட்டில் விலையின்றிக் கிடைப்பதை எவர் பயிரிடுவார்?

சென்ற ஆண்டு மழைக்குப்பின் யாம் மீண்டும் அங்குச் சென்றபோது, முன்பு நாற்பதுக்குக் குறையாத புதர்களை எண்ணிய பாறையில் ஆறே இருந்தன. மற்றவை நின்ற இடத்தில் மண்வெட்டியின் வாய் பட்ட தடங்களும், உதிர்ந்து வாடிய துண்டுகளும் கிடந்தன. யார் எடுத்தார், எதற்கு எடுத்தார் என்று கூற எமக்குச் சான்றில்லை, கூறவும் மாட்டோம். அன்று மாலை பெருஞ்சாலையோரத்தில் ஆகாசகருடன் கிழங்கு விற்கும் முதியவர் ஒருவரைக் கண்டோம். வீட்டு வாயிலில் கட்டித் தொங்கவிட்டால் கண்ணேறு படாதென்று சென்னைப்புறத்தார் இதனை விரும்பி வாங்குவர். மண்ணும் நீருமின்றிப் பல திங்கள் உயிரோடிருந்து தளிர்ப்பதால் இதற்கு அத்தெய்விகப் பெயர் வாய்த்தது போலும். அக்கிழங்கும் நீரைச் சேமித்து வைத்த சதைப்பற்றே என்பதை அறிந்தவர்க்கு வியப்புச் சற்றுக் குறையும்.

"எங்கிருந்து கொண்டுவருகிறீர்கள், ஐயா?" என்று எம்முள் ஒரு மாணவர் வினவினார்.

"முன்னெல்லாம் இந்தக் கரட்டுலயே கெடைச்சுது, தம்பி. இப்ப மதுராந்தகம் தாண்டிப் போறேன். போற வர்ற செலவே பாதி ஆயிடுது," என்றார் அவர்.

அவரைத் திருடரென்று சொல்ல எமக்கு நாவெழவில்லை. அவர் தந்தையும் இத்தொழிலே செய்தாராம். நாளொன்றுக்கு நான்கைந்து கிழங்கு தோண்டியவர்க்குக் கரடு ஈடுகொடுத்தது. நகரம் முழுதும் வாயிலுக்கொன்று வேண்டும்போது எந்தக் கரடு ஈடுகொடுக்கும்? எடுப்பவர் கையினும் கேட்பவர் கையே நீளமானது என்பது தென்னாப்பிரிக்காவுக்கும் பொத்தேரிக்கும் பொதுவென்று எமக்குத் தோன்றிற்று.

இனி எம்மிடையே எழுந்த ஒரு வழக்கைச் சொல்லவேண்டும். செடி சேகரித்தல் மிஷன் மரபுக்கு அயலானதன்று. 1776-இல் தரங்கம்பாடிக்கு வந்து 1836-இல் சென்னையில் மறைந்த ராட்லர் ஐயர், தமிழ் அகராதி தொகுத்த கையாலேயே ஆயிரக்கணக்கான செடிகளையும் உலர்த்தித் தொகுத்தவர். தாம்பரத்துக் கிறிஸ்தவக் கல்லூரியில் இரசாயனம் கற்பித்த எட்வர்ட் பார்ன்ஸ் மலைதோறும் அலைந்து செடிகளை ஆராய்ந்தார்; அரிசீமா இனத்துச் செடியொன்று இன்றும் அவர் பெயரைத் தாங்குகிறது. இவர்கள் ஒவ்வொரு தாளிலும் செடியின் பெயரோடு இடத்தின் பெயரையும் நாளையும் எழுதினர். இடமெழுதாத செடி சாட்சியில்லாத பத்திரம்போன்றது. ஆனால் இந்நாளிலோ, புதிய வகையொன்றின் இருப்பிடத்தை ஓர் ஆராய்ச்சி இதழ் அச்சிட்டால், அறிஞர்க்கு முன்னரே திருடர் அவ்விடத்தை அடைகின்றனர். ஆதலின் தென்னாப்பிரிக்க அறிஞர் பலர் இடங்களை மறைத்தே எழுதுகின்றனர். கைப்பேசியில் எடுத்த படமோ தானெடுக்கப்பட்ட இடத்தைத் தன்னுள்ளேயே பொதிந்துவைத்திருக்கிறது. அழகென்று பகிரும் படம் அறியாமலே வழிகாட்டியாகிறது.

எம் கூட்டத்தார் அக்கரட்டில் வேறொரு சிறு கிழங்குச் செடியையும் கண்டிருந்தனர், எளிதிற் காணக்கிடையாதது. அதன் படத்தை இடத்தோடு வெளியிடவேண்டுமென்று ஒரு சாராரும், கூடாதென்று மற்றொரு சாராரும் வாதிட்டனர். ஆசிரியருள் ஒருவர், "இருப்பது தெரியாவிட்டால் அவ்விடத்தை மட்டமாக்கிக் கட்டடம் எழுப்புவோரை எவ்வாறு தடுப்பீர்? மறைத்த செடி மண்வெட்டிக்குத் தப்பலாம், மண்வாரி இயந்திரத்துக்குத் தப்பாது," என்றார். அவ்வாதத்தின் வலிமை எமக்குத் தெரியும். தென்புறத்துப் புறநகரில் இயந்திரம் விழுங்கிய கரடுகளை எண்ணினால் திருடர் விழுங்கியவை சிலவே. ஆயினும் யாம் மற்றைப் பக்கமே நின்றோம். உலர்த்திய தாளில் இடம் முற்றும் எழுதி அலமாரியில் வைப்பது, ஆராய வருவோர்க்கு ஆளறிந்து காட்டுவது, வெளியிற் செங்கற்பட்டு மாவட்டம் என்பதோடு நிறுத்துவது என்று முடிவாயிற்று. பல்லுயிர் வளத்துக்கென நாட்டுக்கே தலைமையான அலுவலகம் சென்னைத் தரமணியில் இருக்கிறது. இயந்திரத்தைத் தடுக்க முறையிடுவோர்க்கு அங்கும் மாவட்ட ஆட்சியரிடமும் கதவுண்டு. அங்கு இடத்தைச் சொல்வது ஊரறியச் சொல்வதாகாது. இக்கட்டுரையில் பொத்தேரியென்று சொல்லிவிட்டீரே என்பாரும் உளர். ஊரைச் சொன்னோம், பாறையைச் சொல்லவில்லை.

தொட்டிச்செடி வளர்ப்போர் நம் கல்லூரியிலும் விடுதியறைதோறும் உள்ளனர். அவர்களை யாம் பழிப்பதில்லை. வாங்குமுன் ஒன்று நோக்கினாற் போதும். நாற்றங்காலில் வளர்ந்தது ஒரேசீரான பசுமையும் மென்தோலும் உடையது. வேர் தொட்டியின் வடிவில் சுருண்டிருக்கும். காட்டிற் பிடுங்கியது ஒருபக்கம் வெயிலில் வெந்து, வடுவும் கோணலும் கொண்டு, அறுந்த வேரோடிருக்கும். இதில் ஒரு கேடு யாதெனின், முதிர்ச்சியின் அழகென்று அவ்வடுவுக்கே சிலர் மிகுந்த விலை தருகின்றனர். விதையிலும் கிளையிலும் பெருக்கத்தக்க செடிகளைப் பாறையினின்று பெயர்ப்பதற்கு அவ்விலையன்றி வேறு காரணமில்லை.

கள்ளிமுளையானைப் பெருக்குதல் மிக எளிது. துண்டை நான்கைந்து நாள் நிழலில் ஆறவிட்டு, அறுவாய் காய்ந்தபின் மணலும் சிறுகல்லும் கலந்த தொட்டியில் ஊன்றி, தண்ணீர் ஊற்றும் ஆசையை அடக்கிக்கொண்டால் வேர்விடும். குழிகளருகே உதிர்ந்துகிடந்த துண்டுகளுள் பதினொன்றைப் பொறுக்கிவந்து யாம் அவ்வாறு ஊன்றினோம். நான்கு அழுகின, ஏழு பிழைத்தன. இவ்வைப்பசியில் அவற்றுள் இரண்டு பூத்தன. முதற்பூ விரிந்த மறுநாளே ஈக்களும் வந்துவிட்டன. ஆய்வுக்கூடத்து உதவியாளர் தொட்டியை ஜன்னலண்டையிலிருந்து அகற்றுமாறு எம்மிடம் இருமுறை கேட்டுக்கொண்டார். காய் முற்றும்வரை பொறுக்கும்படி அவரை வேண்டியிருக்கிறோம்.